மருத்துவ உளவியலா, சமுதாய உளவியலா? கோலாலம்பூர்த் தமிழ் மாணவர்களுக்கு ஓர் ஒப்பீடு

உளவியலில் இளங்கலைப் பட்டம் பெற்று முதுகலை ஆய்வுக்கு விண்ணப்பிக்கும் நம் மாணவர்களில் பலர், ஆய்வு ஆர்வத்தைக் குறிப்பிட வேண்டிய இடத்தில் மருத்துவ உளவியலையும் (clinical psychology) சமுதாய உளவியலையும் (community psychology) சேர்த்தே எழுதிவிடுகிறார்கள். இரண்டும் மனத்துயரைப் பற்றியவைதாம். ஆனால் துயரத்தின் காரணத்தை எங்கே தேடுவது, எதை மாற்றினால் அது குறையும் என்ற கேள்விகளுக்கு இவ்விரு துறைகளும் வெவ்வேறு பதில்களைத் தருகின்றன. ஆய்வுத் திட்டத்தை எழுத உட்காரும்போது ஏதேனும் ஒன்றையே முதன்மையாகக் கொள்ள முடியும்.

1896இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் லைட்னர் விட்மர் தொடங்கிய நிலையத்தையே மருத்துவ உளவியலின் பிறப்பிடமாகச் சொல்வது வழக்கம். எழுத்துக்கூட்டுவதில் தடுமாறிய ஒரு மாணவனைப் பரிசோதித்து, அவனுக்கு ஏற்ற பயிற்சியை வகுத்ததே அங்கு நடந்த முதல் பணி. ஒரு மனிதரை ஊன்றிக் கவனித்து, அவர் சிக்கலை அளந்து, சிகிச்சை தந்து, மீண்டும் அளந்து பார்க்கும் அந்த ஒழுங்கு இன்றும் மாறவில்லை. சமுதாய உளவியல் 1965இல் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்வாம்ப்ஸ்காட் நகரில் நடந்த மாநாட்டிலிருந்து கிளைத்தது. ஒவ்வொருவராகச் சிகிச்சைக்கு வரட்டும் என்று காத்திருந்தால் தேவையை ஒருநாளும் ஈடுகட்ட முடியாது என்பதும், பள்ளி, குடியிருப்பு, வேலையிடம் ஆகியவற்றின் அமைப்பே பலரை நோயில் தள்ளுகிறது என்பதும் அங்கு கூடியவர்களின் கவலையாக இருந்தன.

இந்த வேறுபாட்டை நம் ஊர் நிலவரம் ஒன்றில் வைத்துப் பார்ப்போம். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு முடித்த மாணவர்களில் பலர், மலாய்மொழித் தேர்ச்சி போதாத காரணத்தால் ஓராண்டு புகுமுக வகுப்பில் இருந்துவிட்டு, பிறகு இடைநிலைப்பள்ளியின் முதலாம் படிவத்துக்குச் செல்கிறார்கள். ஒரே வகுப்பில் ஆறாண்டுகள் கூடவே இருந்த நண்பர்கள் வெவ்வேறு பள்ளிகளுக்குச் சிதறுகிறார்கள். வீட்டு நிலைமை அறிந்த ஆசிரியரின் இடத்தில் பாடத்துக்கொருவராக அறிமுகமில்லாதவர்கள் வருகிறார்கள். சில மாணவர்கள் இரண்டாம், மூன்றாம் படிவத்தில் பள்ளிக்கு மட்டம் போடத் தொடங்கிக் கும்பல்களின் பின்னால் போகிறார்கள் என்பதைச் செந்தூலிலோ கிள்ளானிலோ வாழும் எந்தப் பெற்றோருக்கும் விளக்க வேண்டியதில்லை.

மருத்துவ உளவியல் ஆய்வாளர் இங்கே தனி மாணவனிடம் தொடங்குவார். ராபர்ட் குட்மன் 1997இல் வெளியிட்ட, 25 கூற்றுகள் கொண்ட வலிமைகள்–சிரமங்கள் வினாப்படிவத்தைக் கொண்டு நடத்தைக் கோளாறும் பதற்றமும் எந்த அளவில் இருக்கின்றன என்று மதிப்பிடுவார். பெற்றோருக்கான பயிற்சியையோ, எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பழக்கும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையையோ ஒரு குழுவுக்குக் கொடுத்து, மற்றொரு குழுவோடு ஒப்பிடுவார். துன்பத்தில் இருக்கும் பையனுக்கு இன்றே உதவி கிடைக்கும் வழி இது. அதைச் சிறிதாக எண்ணுவதற்கு யாருக்கும் உரிமையில்லை.

சமுதாய உளவியல் ஆய்வாளரின் பார்வை அந்த இடமாற்றத்தின் மீதே விழும். ராபர்ட் ஃபெல்னரும் அவருடன் பணியாற்றியவர்களும் 1982இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல முன்மாதிரி. பெரிய நகர்ப்புற உயர்நிலைப்பள்ளியில் புதிதாகச் சேர்ந்தவர்களில் ஒரு பகுதியினரை முக்கியப் பாடங்களுக்கு ஒரே குழுவாக அமர்த்தினார்கள். வகுப்பாசிரியரின் பொறுப்பை விரிவாக்கி, அவரையே ஆலோசகராகவும் வீட்டுக்கும் பள்ளிக்கும் இடையிலான தொடர்பாகவும் ஆக்கினார்கள். எந்த மாணவனுக்கும் சிகிச்சை தரப்படவில்லை. ஆயினும் ஆண்டு இறுதியில் அந்தக் குழுவின் வருகையும் மதிப்பெண்ணும் மற்றவர்களைவிட மேலாக இருந்தன; பின்னர் பள்ளியை விட்டு நின்றவர்களும் அக்குழுவில் குறைவாகவே இருந்தனர். ஒரே தமிழ்ப்பள்ளியிலிருந்து வரும் மாணவர்களைப் புகுமுக வகுப்பிலிருந்து முதலாம் படிவம் வரை சேர்த்தே வைத்திருந்தால் என்ன நடக்கும் என்று கோலாலம்பூரில் ஒருவர் ஆராய்ந்தால், அதன் பயன் ஆய்வேட்டோடு நின்றுவிடாது.

அளவீட்டில் மருத்துவ உளவியலின் கை ஓங்கியிருப்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். தனிமனிதர்களைக் குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரிப்பது எளிது. குடியிருப்பையோ பள்ளியையோ மொத்தமாகப் பிரிக்கும்போது, ஒரே இடத்தில் வாழ்பவர்கள் ஒருவரையொருவர் ஒத்திருப்பதால் எண்ணிக்கையின் பலம் குறைகிறது. ஆறு அடுக்குமாடிக் கட்டடங்களில் கட்டடத்துக்கு 50 பேர் என 300 பேரைச் சேர்த்தாலும், அந்த ஒத்த தன்மையின் அளவு (முழுமையாக ஒத்திருந்தால் 1) வெறும் 0.05ஆக இருந்தால்கூட, புள்ளியியல் கணக்கில் அது ஏறத்தாழ 87 பேருக்கே சமம். இதைக் கணக்கில் கொள்ளாமல் எழுதப்படும் சமுதாய ஆய்வுகள் முதல் கேள்வியிலேயே சரிந்துவிடும். ஓராண்டில் முடிக்க வேண்டிய முதுகலை மாணவருக்கு இது பெரிய சுமை.

பாதுகாப்பு ஏற்பாட்டிலும் அப்படித்தான். மனச்சோர்வை அளக்கப் பரவலாகப் பயன்படும் பி.எச்.கியூ-9 வினாப்படிவத்தின் ஒன்பதாவது கேள்வி, செத்துவிடலாம் என்ற எண்ணமோ தன்னைத் துன்புறுத்திக்கொள்ளும் எண்ணமோ வந்ததுண்டா என்று கேட்கிறது. மருத்துவமனை அறையில் ஒருவர் ஆம் என்று சொன்னால், அடுத்து யாரை அழைப்பது என்பது ஏற்கெனவே வகுக்கப்பட்டிருக்கும். மலிவு விலை அடுக்குமாடியில், இரும்புக் கதவுக்கு அப்பால் பக்கத்து வீட்டுக்காரர் துணி காயப்போட்டுக்கொண்டிருக்க, பதில் சொல்லும் அம்மா தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டிவிட்டு மெல்லிய குரலில் ஆம் என்று சொன்னால், எதிரே தாளும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கும் மாணவிக்கு அந்த நேரத்தில் என்ன செய்வது என்று தெரிந்திருக்க வேண்டும். 2023இல் குற்றவியல் சட்டத்தின் 309ஆவது பிரிவு நீக்கப்படும் வரை தற்கொலை முயற்சி இந்நாட்டில் குற்றமாகவே இருந்தது. அந்த அச்சம் பலரிடம் இன்னும் போகவில்லை. அழைக்கக்கூடிய மருத்துவரின் பெயரும், மனத்துயரில் இருப்பவர்களுக்குத் தொலைபேசியில் செவிகொடுக்க 1970 முதல் கோலாலம்பூரில் இயங்கும் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பின் எண்ணும் கையில் இல்லாமல், இந்தக் கேள்வியோடு யாரும் வீடு வீடாகப் போகக் கூடாது.

தொழில் பாதையைப் பொறுத்தவரை நீண்ட வாதம் தேவையில்லை. 2016ஆம் ஆண்டின் துணைச் சுகாதாரத் தொழில்கள் சட்டம் மருத்துவ உளவியலாளரைத் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. சமுதாய உளவியலாளர் என்ற பெயர் அதில் இல்லை. மலேசிய தேசியப் பல்கலைக்கழகத்திலும் ஹெல்ப் பல்கலைக்கழகத்திலும் மருத்துவ உளவியல் முதுகலைப் படிப்பு உண்டு. பதிவும் நிலையான வேலையும் முதல் தேவையாக இருப்பவர் தயங்காமல் அப்பக்கம் போகலாம்.

ஆனால் ஆய்வுக் கேள்வி என்று வரும்போது என் சாய்வு சமுதாய உளவியலின் பக்கமே. தேசியச் சுகாதார ஆய்வில் மனச்சோர்வு உடையவர்களின் விகிதம் 2019இல் 2.3 விழுக்காடாக இருந்து 2023இல் 4.6 விழுக்காடாக உயர்ந்தது. இந்த வேகத்துக்கு ஈடாகச் சிகிச்சையாளர்களைப் பயிற்றுவிப்பது நடக்கிற காரியமாகத் தோன்றவில்லை. அதற்கு மாற்றாகப் பலரும் சுட்டுவது ஜிம்பாப்வேயின் ஹராரே நகரில் நடக்கும் ‘நட்பு பெஞ்சு’ என்ற ஆலோசனைத் திட்டம். டிக்சன் சிபாண்டாவும் குழுவினரும் 24 மருத்துவ நிலையங்களில் நடத்தி 2016இல் வெளியிட்ட அந்த ஆய்வில், பயிற்சி பெற்ற சாதாரணப் பெண்மணிகளே ஆலோசனை தந்தார்கள். நோய்க்குறிகள் தெளிவாகக் குறைந்தன. அது மிகச் சிறந்த பணி. எனினும் அங்கே மாறியது சிகிச்சை தருபவரும் தரப்பட்ட இடமும். வாடகைப் பாக்கியும் வேலையின்மையும் அப்படியே இருந்தன. நான் படித்துப் பார்த்த ஆய்வு முன்மொழிவுகளில் சமுதாயம் என்ற தலைப்போடு வருபவை பெரும்பாலும் கோயில் மண்டபத்தில் வினாப்படிவம் கொடுத்து வாங்குவதோடு முடிந்துவிடுகின்றன. கிளினிக்கைக் கோயிலுக்குக் கொண்டுபோவது சமுதாய உளவியல் ஆகாது.

பெருந்தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்ட தோட்டத் துண்டாடலுக்குப் பிறகு, தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயன் வீடுகளை விட்டு நகரத்து அடுக்குமாடிகளுக்கு வந்த குடும்பங்கள் இழந்த உறவு வலை, பிறப்புப் பத்திரமோ அடையாள அட்டையோ இல்லாமல் பள்ளி வாசலில் நிறுத்தப்படும் பிள்ளைகள், தாயும் தந்தையும் மாறி மாறி இரவு வேலைக்குப் போகும் வீடுகள் என இங்கே கேட்கப்படாத கேள்விகள் ஏராளம். ஒரு சமூகத்தைத் தன்னுடையதாக உணரும் சமுதாய உணர்வுக்கு உளவியலாளர்கள் மெக்மிலனும் சாவிஸும் 1986இல் வகுத்த நான்கு கூறுகளான உறுப்பினர் என்ற உணர்வு, செல்வாக்கு, தேவை நிறைவு, பகிர்ந்த உணர்வுப் பிணைப்பு ஆகியவற்றைத் தோட்டத்து வாழ்வுக்கும் அடுக்குமாடி வாழ்வுக்கும் பொருத்திப் பார்ப்பதே ஒரு முழு ஆய்வுக்குப் போதுமான பொருள்.

இப்பாதையைத் தேர்ந்தெடுப்பவர் முதல் சில மாதங்களைத் தரவுக்காக ஒதுக்காமல், பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்திலும் தமிழ் இளைஞர் அமைப்பான மணிமன்றத்திலும் கோயில் நிர்வாகத்தினரிடமும் உட்கார்ந்து, எதை ஆராய வேண்டும் என்பதை அவர்களிடமே கேட்கும்படி கால அட்டவணையை அமைத்துக்கொள்ள வேண்டும். அதற்கு இடம்கொடுக்கும் மேற்பார்வையாளரை விண்ணப்பிக்கும் முன்பே தேடிப் பிடிக்க வேண்டும். அத்தகையவர் கிடைக்காவிட்டால், மருத்துவ உளவியலில் சேர்ந்து, அளவீட்டையும் நெருக்கடி நேரத்து நடைமுறையையும் நன்கு கற்றுக்கொண்டு, முனைவர் பட்ட ஆய்வில் இந்தக் கேள்விகளை எடுத்துக்கொள்ளலாம்.