ஒரே டென்டா, ஆளுக்கொன்றா? நெடுந்தடத்தில் ஜோடியாக நடப்பவர்களுக்கு

ஜோடியாக நெடுந்தடம் நடக்கப் புறப்படுகிறவர்கள் முதலில் போடுவது எடைக் கணக்குதான். நாங்களும் தராசைத் தரையில் வைத்து ஒவ்வொரு பொருளாக நிறுத்து, "இது ரெண்டு பேருக்கும் ஒண்ணு போதும்" என்று ஒரு பக்கமாக ஒதுக்கிக்கொண்டே போனோம். ஒரு டென்ட், ஒரு ஸ்டவ், ஒரு தண்ணீர் ஃபில்டர், இருவரும் சேர்ந்து போர்த்திக்கொள்ள ஒரே கில்ட் (உள்ளே அடைத்துத் தைத்த கனத்த போர்வை). குவியல் சிறுத்ததைப் பார்க்கப் பெருமையாகத்தான் இருந்தது.

நான் சொல்வது வாரக்கடைசி மலையேற்றத்தை அல்ல. அமெரிக்காவின் அப்பலாச்சியன் தடம் ஏறத்தாழ 3,500 கி.மீ. அங்கேயே பசிபிக் கிரெஸ்ட் தடம் 4,265 கி.மீ. நியூசிலாந்தின் தெ அராரோவா சுமார் 3,000 கி.மீ. இந்த மாதிரித் தடங்களை ஒரே மூச்சில் முடிக்க மாதக்கணக்காகும். அத்தனை நாளும் ஒரே சட்டை, ஒரே முகம், இரண்டரை சதுர மீட்டர் வீடு. இதை வாழ்ந்து தீர்க்க இரண்டு வழிகள் உண்டு. எல்லாவற்றையும் பொதுவில் வைத்துக்கொண்டு அடியோடு அடி சேர்ந்து நடப்பது ஒன்று. அவரவர் மூட்டை அவரவருக்கு என்று நடந்து, சாயங்காலம் ஒரே இடத்தில் கூடுவது மற்றொன்று. நாங்கள் முதல் வழியில் போய்ப் பட்டுத் தெளிந்து, பிற்பாடு இரண்டையும் கலந்துகொண்டவர்கள். ஆகையால் என் தீர்ப்பில் கொஞ்சம் சார்பு இருக்கும்.

முதலில் அந்த எடையையே எடுத்துக்கொள்வோம். இலகுரக வகையில் ஒருவர் டென்ட் 800 கிராம் அளவில் கிடைக்கிறது. இருவர் டென்ட் 1,100 அளவில். ஆக இரண்டு தனி டென்டுக்குப் பதில் ஒன்று எடுத்தால் மிச்சம் அரைக் கிலோ. ஸ்டவ், பாத்திரம், ஃபில்டர் எல்லாம் சேர்த்து இன்னும் கால் கிலோ. பொதுக் கில்டில் ஒரு முந்நூறு கிராம். இருவருக்கும் கூட்டி ஒரு கிலோவைச் சுற்றித்தான் வருகிறது. அதாவது ஒரு லிட்டர் தண்ணீர். வறண்ட பகுதியில் ஆளுக்கு நான்கு லிட்டர் தூக்கும்போது இந்த மிச்சம் எங்கே போனது என்றே தெரியாது. எடைக்காக மட்டும் பொதுவாக்குவது அவ்வளவு பெரிய லாபமில்லை என்பது எனக்கு இரண்டாம் மாதத்தில்தான் உறைத்தது.

பொதுவாக்குவதன் உண்மையான விலை நடையில் தெரியும். ஒருவர் மணிக்கு 4 கி.மீ., மற்றவர் 3.5 கி.மீ. நடக்கிறார்கள் என்று வையுங்கள். பார்க்க ஒன்றுமில்லாத வித்தியாசம். 28 கி.மீ. நாளில் அது சரியாக ஒரு மணி நேரம். சேர்ந்து நடந்தால் வேகமானவர் நாள் முழுக்கத் தன் இயல்பான எட்டைச் சுருக்கி நடக்கவேண்டும். அதுவும் ஒரு வலிதான். இதற்கு மாற்றாக எல்லா ஜோடிகளும் செய்வது, முன்னால் போய்க் காத்திருப்பது. இதைவிடக் கொடுமை கிடையாது. முன்னால் போனவர் பாறையில் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, ஷூவைக் கழற்றிக் காலை ஆற்றிக்கொண்டிருப்பார். பின்னால் வருகிறவர் மூச்சிரைக்க வந்து சேரும் நேரத்தில் "கிளம்பலாமா?" என்று எழுந்து நிற்பார். ஓய்வு முழுக்க ஒருவருக்கு, ஏற்றம் முழுக்க மற்றவருக்கு. நான் இதை மூன்று வாரம் செய்தேன், தெரியாமலேயே. ஒரு ஏற்றத்தின் உச்சியில் என் மனைவி பையை இறக்காமலே கோல்களில் சாய்ந்து நின்று, "நீங்க போங்க. நான் இங்க பத்து நிமிஷம் உட்காரப்போறேன். எனக்காக நிக்காதீங்க, நீங்க நிக்கிறதுதான் கஷ்டமா இருக்கு" என்றாள்.

அன்றிலிருந்து பகலில் தனித்தனி நடை. காலையில் வரைபடத்தில் மதியத்துக்கு ஓரிடம், இரவுக்கு ஓரிடம் குறித்துக்கொள்வோம். நடுவில் அவளுக்குப் பிடித்த இடத்தில் அவள் நிற்பாள், எனக்குப் பிடித்ததில் நான். சாயங்காலம் பார்க்கும்போது பேசுவதற்கும் ஏதாவது இருந்தது. அவள் பார்த்த பாம்பை நான் பார்த்திருக்கவில்லை.

ஆனால் மூட்டை இன்னும் பொது மூட்டையாகவே இருந்தது. அங்கேதான் வந்தது வினை. டென்டின் துணி அவள் பையில், முளைகளும் கம்புகளும் என் பையில். நியாயமான பங்கீடு என்று நினைத்திருந்தோம். ஒருநாள் மதியத்துக்குப் பிறகு நான் தடத்தை விட்டு நன்றாக உள்ளே போய்க் காலைக்கடனை மாலையில் முடித்துக்கொண்டிருந்தேன் (நீர்நிலையிலிருந்து 60 மீட்டர் தள்ளி, 15 முதல் 20 செ.மீ. ஆழக் குழி; அவசரமில்லாத வேலை). அந்த நேரத்தில் அவள் என்னைத் தாண்டிப் போய்விட்டாள். நான் முன்னால் இருப்பதாக அவள் நினைத்து வேகம் கூட்ட, அவள் பின்னால் வருவதாக நினைத்து நான் காத்திருக்க, மழை பிடித்துக்கொண்டது. குறித்த இடத்துக்கு நான் போய்ச் சேர்ந்தபோது இருட்டிவிட்டது. அவள் ஒரு மரத்தடியில் டென்ட் துணியைத் தலைமேல் போர்த்திக்கொண்டு மூட்டைமேல் உட்கார்ந்திருந்தாள். கையில் வீடு இருக்கிறது, நிறுத்தத்தான் வழியில்லை. நான் அசடு வழிய முளைகளை நீட்டினேன். அன்று இரவு யாரும் யாரோடும் பேசவில்லை.

டென்டைப் பாதியாகப் பிரிப்பதை அன்றோடு விட்டோம். முழு டென்டும் ஒரே பையில் போகட்டும். யார் பையில்? வேகமானவர் பையில் என்பார்கள் பலர்; கூடுதல் எடை அவர் வேகத்தைக் கொஞ்சம் குறைக்கும், முன்னால் போய் நிறுத்தியும் வைப்பார் என்று காரணமும் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கால் பிசகி வழியில் மாட்டிக்கொள்ள வாய்ப்பு அதிகம் யாருக்கு? களைத்து வருகிற பின்னவருக்கு. கூரை அவரிடம் இருக்கட்டும். ஈடுகட்ட உணவு மூட்டையில் பெரும்பங்கை முன்னவர் சுமக்கட்டும். ஸ்லீப்பிங் பேக், மழைக்கோட்டு, ஹெட்லாம்ப், ஃபில்டர், அன்றைய நொறுக்கு ஆகிய ஐந்தும் ஆளுக்கொன்று. இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

ஃபில்டரைச் சேர்த்ததற்குக் காரணம் உண்டு. இன்று பெரும்பாலோர் தூக்குவது நுண்குழல் வகை. உள்ளே ஈரம் உறைந்தால் குழல்கள் வெடித்துவிடும், வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. அதனால் குளிர் இரவுகளில் அதைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டு படுக்கவேண்டும். ஒரே ஃபில்டர் இருந்த காலத்தில் அவள் எடுத்திருப்பாள் என்று நானும், நான் எடுத்திருப்பேன் என்று அவளும் நிம்மதியாகத் தூங்கிவிட்டோம். காலையில் அது டென்டுக்கு வெளியே பாட்டிலோடு கட்டிபட்டுக் கிடந்தது. அடுத்த ஊர் வரும்வரை மூன்று நாள் தண்ணீரைக் கொதிக்கவைத்தே குடித்தோம்.

படுக்கை விஷயத்தில் பொதுக் கில்ட் கட்சிக்காரர்கள் நிறைய. இரண்டு உடம்புச் சூடு, எடையும் குறைவு, நெருக்கமும் உண்டு. எல்லாம் சரி, இருவரும் அசையாமல் படுத்தால். ஒருவர் புரண்டால் தோளிடுக்கில் குளிர்காற்று நுழையும். நடுநிசியில் ஒருவர் எழுந்து வெளியே போனால் மற்றவரின் சூடும் கூடவே போகும். அடியில் விரித்த இரண்டு மெத்தைகளும் விலகி நடுவில் ஒரு பள்ளம் விழும், அதில் யாராவது ஒருவர் கிடப்பார். அதோடு குளிர் இருவருக்கும் ஒன்றல்ல. ஸ்லீப்பிங் பேக்குகளுக்கான ஐ.எஸ்.ஓ. 23537 தரநிலை தரும் வெப்ப அளவுகளில் இரண்டைப் பாருங்கள்: சௌகரிய அளவு சராசரிப் பெண்ணை வைத்து, கீழெல்லை சராசரி ஆணை வைத்து. ஒரே பையிலேயே இருவருக்கும் பல டிகிரி வேறுபாடு. அவள் நடுங்கும் இரவில் நான் காலை வெளியே நீட்டிக்கொண்டு கிடப்பேன். இடப்பக்க ஜிப், வலப்பக்க ஜிப் என இரண்டு பைகளை வாங்கினால் வேண்டும்போது இணைக்கலாம், வேண்டாதபோது பிரிக்கலாம். எங்களுக்கு அதுதான் ஒத்துவந்தது. இணைத்த இரவுகள் எத்தனை என்பது வேறு கதை.

டென்ட் மட்டும் ஒன்றே இருக்கட்டும் என்பேன். ஜோடியாக நடந்தும் தனித்தனி டென்டில் தூங்குகிறவர்களைத் தடத்தில் பார்த்திருக்கிறேன், குறட்டைதான் காரணம் என்றார்கள். அது நியாயமான காரணம். இரண்டு பேர் மூச்சு சேர்ந்தால் விடியலில் உட்கூரை சொட்டுவதும் உண்மைதான். அதற்குத் துடைக்க ஒரு துணி போதும்.

சாப்பாட்டில் எனக்குச் சந்தேகமே இல்லை. அடுப்பு பொது, கிண்ணம் தனி, உணவுப் பையும் தனி. நாளுக்கு ஆளுக்கு 700 முதல் 900 கிராம் உணவு தூக்குகிறோம். பெரிய உடம்புக்கு அதிகம் வேண்டும், சரிபாதி என்பதே அநியாயம். ஒரே பாத்திரத்தில் இரண்டு ஸ்பூன் இறங்கினால் வேகமாகச் சாப்பிடுகிறவர் ஜெயிப்பார். நடக்க ஆரம்பித்து ஒரு மாதமான பசி அன்பையெல்லாம் பார்க்காது. கரடி திறக்க முடியாத கெட்டி டப்பா கட்டாயமான பகுதிகளில் இந்த விவாதமே கிடையாது. இருவரின் ஐந்து நாள் உணவு ஒரு டப்பாவில் அடங்காது, ஆளுக்கொன்று தூக்கித்தான் ஆகவேண்டும்.

வேலைப் பங்கீட்டில் முறை வைத்துச் செய்வதைவிட நிரந்தரப் பங்கு நல்லது. அவள் டென்ட், நான் தண்ணீர். களைத்த மூளைக்கு யோசிக்க எதுவும் மிச்சம் வைக்கக்கூடாது. வாரம் ஒருமுறை மட்டும் மாற்றிச் செய்துகொள்ளுங்கள், கை மறந்துபோகாமல் இருக்க.

நாங்கள் அப்படி மாற்றிச் செய்யத் தவறிவிட்டோம். முழங்கால் வீங்கி அவள் பத்து நாள் ஊரில் தங்கவேண்டி வந்தபோது, இருவர் டென்டை நான் ஒருவனாகத் தூக்கிக்கொண்டு போனேன். 1,100 கிராம், பெரிய சுமையில்லை. முதல் இரவு அதை நிறுத்த எனக்கு நாற்பது நிமிடம் ஆனது. அவள் எட்டு நிமிடத்தில் முடிப்பாள்.