ஜிப்சிக்கு 31 அங்குல டயர்: ஆக்சிலைத் தேற்றுவதா, மாற்றுவதா?

பெங்களூரில் மாருதி ஜிப்சி ஜீப் வைத்திருக்கும் நம்மாட்கள் பலர் பெரிய டயரை வாங்கி மாட்டிய பிறகுதான் ஆக்சிலைப் பற்றி யோசிக்கிறார்கள். ஆர்வம் அப்படி. ஆனால் கணக்கு டயரில்தான் ஆரம்பிக்கிறது. 205/70 ஆர்15 கம்பெனி டயரின் உயரம் 26 அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல். 31 போட்டால் ஏறக்குறைய 18 சதவீதம் கூடுகிறது. அதே பிடிப்புள்ள பாறையில் ஏற, ஆக்சிலுக்குள் சுற்றும் ஷாஃப்ட் தாங்க வேண்டிய முறுக்கும் (டார்க்) அதே அளவு கூடும். 33 என்றால் 25 சதவீதம். இத்தனைக்கும் டிஃப் (ஆக்சில் நடுவே இரு சக்கரத்துக்கும் முறுக்கைப் பிரிக்கும் டிஃபரென்ஷியல்) தரையிலிருந்து உயர்வது டயர் உயரத்தில் கூடியதில் பாதிதான். 31-க்கு இரண்டேகால் அங்குலம் கிடைக்கும்.

முதல் வழி, இருக்கிற ஹவுசிங்கை, அதாவது ஆக்சிலின் வெளிக்கூட்டை, வைத்துக்கொண்டு உள்ளே இருப்பதை மட்டும் பலப்படுத்துவது. ஜிப்சியின் முன் ஆக்சிலில் முதலில் போவது சக்கரம் திரும்பும் மூட்டான நக்கிளுக்குள் இருக்கும் பர்ஃபீல்டு ஜாயிண்ட். சக்கரம் திரும்பியிருந்தாலும் முறுக்கைக் கடத்தும் குண்டு–கிண்ண இணைப்பு அது. நேராக ஏறும்போது பெரும்பாலும் தாக்குப்பிடிக்கும். ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து, ஒரு சக்கரம் பாறையில் சிக்கி, அந்த நேரத்தில் ஆக்சிலரேட்டரை மிதித்தால் ‘டக்’ என்று ஒரே சத்தம். பிரித்துப் பார்த்தால் கிண்ணத்தின் வாய் பிளந்திருக்கும், குண்டுகள் கிரீஸோடு கையில் வந்து விழும். குரோமோலி என்ற உறுதியான கலப்பு எஃகில் செய்த ஷாஃப்டும் ஜாயிண்டும் செட்டாக வெளிநாட்டில் கிடைக்கின்றன. இறக்குமதி விலைதான் கசக்கும்.

இங்கேதான் பெங்களூரின் பீன்யா தொழிற்பேட்டை கைகொடுக்கிறது. குரோமோலி என்று விற்கப்படும் 4340 எஃகுக்கு ஏறக்குறைய சமமானது நம் லேத்காரர்கள் சொல்லும் ஈஎன்24. பின் ஆக்சில் ஷாஃப்டை அதில் கடையச் சொல்லலாம். ஆனால் கடைவது பாதி வேலைதான், மீதி ஹீட் ட்ரீட்மென்ட். அது சரியாக நடக்காவிட்டால் எஃகின் பெயர் என்னவாக இருந்தும் பயனில்லை. பழைய ஷாஃப்டை உருவி, நுனியில் நீளவாக்கில் வெட்டிய பற்களான ஸ்ப்லைனைத் துடைத்துவிட்டு வெளிச்சத்தில் பாருங்கள். கோடுகள் நேராக ஓடி ஒரு இடத்தில் லேசாகச் சாய்ந்திருந்தால் அந்த ஷாஃப்ட் முறுகத் தொடங்கிவிட்டது. பார்க்க நன்றாக இருக்கிறதே என்று ஸ்பேராகக்கூட வைக்காதீர்கள். பர்ஃபீல்டு கிண்ணத்தை மட்டும் லேத்தில் செய்து பார்க்கும் ஆசை வேண்டாம், அது வேறு தொழில்.

கூடவே டிஃபுக்குள் இருக்கும் கியர் ஜோடியான கிரௌன்–பினியன். பல் விகிதத்தை டயருக்கு ஏற்றபடி மாற்றாவிட்டால் 1.3 லிட்டர் எஞ்சின் திணறும். ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது வண்டி 70-ஐத் தொட்டிருக்கும். விகிதத்தை டிஃபில் மாற்றினால் ஸ்பீடோவும் தன்னால் சரியாகிவிடும், ஏனென்றால் அதன் கேபிள், முன் பின் ஆக்சில்களுக்கு முறுக்கைப் பிரித்தனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து வருகிறது. டிரான்ஸ்ஃபர் கேஸ் கியரை மட்டும் மாற்றுவது இன்னொரு வழி. பாறை ஏற அருமை, ஆனால் அங்கிருந்து ஆக்சிலுக்கு ஓடும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டுக்கும் பினியனுக்கும் போகும் முறுக்கு கூடிவிடும். இரு சக்கரமும் சேர்ந்தே சுற்றும்படி டிஃபையே வெல்டு வைத்துப் பூட்டுவது மலிவு. தார் ரோட்டில் ஒவ்வொரு திருப்பத்திலும் டயர் கீச்சிடும், ஷாஃப்டும் சேர்ந்து அழும். தினமும் சில்க் போர்டு சந்திப்பு நெரிசல் வழியாக ஆபீஸ் போகிற வண்டிக்கு அது ஆகாது.

இரண்டாவது வழி, வேறு வண்டியின் ஆக்சிலை அப்படியே மாட்டுவது. நம்மூரில் இதற்குக் கிடைப்பவை பழைய மஹிந்திரா ஜீப், ராணுவ ஏலத்தில் வந்த ஜோங்கா என்ற ராணுவ ஜீப் ஆகியவற்றின் ஆக்சில்கள். ஜீப் ஆக்சிலுக்கு ஒரு சௌகரியம் உண்டு: ஜிப்சியைப் போலவே சக்கரத்துக்கு ஐந்து போல்ட், அவை அமையும் வட்டம் 139.7 மில்லிமீட்டர். ஆனால் அந்தச் சௌகரியம் அதோடு சரி. ஸ்பிரிங் உட்காரும் பட்டையைப் புதிதாக வெல்டு செய்ய வேண்டும், ஸ்டீயரிங் ராடு மாறும், ப்ரொப்பெல்லர் ஷாஃப்டின் நீளமும் மாறும். முன் டிஃப் வண்டியின் எந்தப் பக்கம் தள்ளி இருக்கிறது, டிரான்ஸ்ஃபர் கேஸின் முன் வெளியீடு எந்தப் பக்கம் என்று பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். பழைய ஜீப்பில் பெரும்பாலும் நான்கு சக்கரமும் டிரம் பிரேக். ஜிப்சியின் முன் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு, சேற்றுத் தண்ணீர் புகும் டிரம்முக்குப் போவது பின்னோக்கிய நடை. ஜோங்கா ஆக்சில் முரட்டுப் பலம். ஏறக்குறைய ஒரு டன் மட்டுமே எடையுள்ள வண்டிக்கு அந்த இரும்பு தேவையா? ஜிப்சி மற்ற வண்டிகள் புதைகிற இடத்தைத் தாண்டுவதே எடை குறைவால்தான். டிஃப் பெரிதானால் அதன் வயிறும் கீழே தொங்கும், டயரில் சம்பாதித்த உயரத்தில் கொஞ்சம் அங்கேயே போய்விடும்.

மூன்றாவது போர்ட்டல் ஆக்சில், யூனிமாக் என்ற கரடுமுரடு நிலத்து லாரிகளில் இருப்பது. சக்கரத்தருகே தனிக் கியர் பெட்டி, அதற்கு மேலே ஷாஃப்ட். டயரை மாற்றாமலே டிஃப் உயரும், வேகக் குறைப்பு ஹப்பிலேயே நடப்பதால் ஷாஃப்டுக்கும் டிஃபுக்கும் பாரம் குறையும். பொறியியலாக மூன்றில் இதுதான் அழகு. பணக்கணக்கில் இங்கே இதைப் பேசுவதே வீண்.

என் தீர்ப்பு நீங்கள் ஓட்டும் இடத்தைப் பொறுத்து மாறும். சக்லேஷ்புர எஸ்டேட் சேற்றில் சக்கரம் வழுக்கிவிடும், அதுவே ஷாஃப்டைக் காப்பாற்றும். அங்கே 31-க்கு முதல் வழி தாராளம். கோலார் பக்கத்துப் பாறையில் டயர் வழுக்காமல் கவ்விப் பிடிக்கும், முறுக்கு முழுவதும் உள்ளே இறங்கும். அங்கே பர்ஃபீல்டு செட் கட்டாயம். 33-ம் டிஃபைப் பூட்டும் லாக்கரும் வேண்டும், போட்டிக்குப் போகிறேன் என்பவருக்கு மட்டும்தான் இரண்டாவது வழி. அதையும் ரோட்டில் ஓடாத, டிரெய்லரில் போகிற வண்டியில் செய்வது நல்லது. காரணம், மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. கம்பெனி அமைப்பிலிருந்து வண்டியை மாற்றக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019-இல் உறுதியாகச் சொல்லிவிட்டது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஹவுசிங்குக்குள் இருக்கும் ஷாஃப்ட் வெளியே தெரியாது. 15 வருடப் பதிவுப் புதுப்பிப்புக்கு வண்டி போய் நிற்கும்போது ஜோங்கா ஆக்சில் எல்லார் கண்ணுக்கும் தெரியும், மட்கார்டுக்கு வெளியே நீட்டும் 31 டயரும் தெரியும். கம்பெனி டயர் ஒரு செட்டை விற்றுவிடாதீர்கள்.