எஸ்எஸ்எச் சாவியோடு ஆறு ஆண்டுகள்

வாடகைக்கு எடுத்த சிறு லினக்ஸ் சர்வர் ஒன்றை ஆறு ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறேன். முதல் வாரத்திலேயே அதன் பதிவுக் கோப்பைத் திறந்து பார்த்தபோது, முன்பின் அறியாத முகவரிகளிலிருந்து, தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச்சின் வழக்கமான வாசலான 22ஆம் போர்ட்டுக்கு வந்து, முழு அதிகாரம் கொண்ட 'ரூட்' கணக்கின் கடவுச்சொல்லை யாரோ இடைவிடாமல் ஊகித்துக்கொண்டிருந்தது தெரிந்தது. அன்றே கடவுச்சொல்லுக்குப் பதிலாக, கணினியில் கோப்பாக இருக்கும் சாவி வழி நுழைவுக்கு மாறினேன்.

சாவி இணையை உருவாக்கச் சில நொடிகளே ஆகும். நான் பயன்படுத்துவது ஈடி25519 வகை. தனிச்சாவி என் மடிக்கணினியிலேயே இருக்க, பொதுச்சாவி மட்டும் சர்வரில் 'ஆத்தரைஸ்டு கீஸ்' கோப்பில் ஒரு வரியாகச் சேர்கிறது. ஆனால் அன்று அந்த வரியைச் சேர்த்த பிறகும் சர்வர் கடவுச்சொல்லையே கேட்டது. என் ஹோம் அடைவில் குழுவினருக்கும் எழுதும் உரிமை இருந்ததே காரணம் என்பதைக் கண்டுபிடிக்க ஒரு மாலைப் பொழுது போயிற்று. அந்த உரிமையை நீக்கி, சாவி அடைவுக்கு 700, கோப்புக்கு 600 என்று, உரிமையாளர் மட்டுமே அணுகும்படி அமைத்ததும் கதவு திறந்தது.

இதைவிடப் பெரிய பிழை பின்னால் நேர்ந்தது. இயங்குதளத்தைப் புதிதாக நிறுவியபின், முதன்மை அமைப்புக் கோப்பின் இறுதியில் கடவுச்சொல் நுழைவுக்கு 'நோ' என்று எழுதிவிட்டு நிம்மதியாக இருந்தேன். சில மாதங்கள் கழித்து, சாவி இல்லாத வேறொரு கணினியிலிருந்து தற்செயலாக முயன்றபோது கடவுச்சொல்லைக் கேட்டு உள்ளே விட்டது. சர்வரை முதன்முறை தொடங்கும்போது அமைத்துத் தரும் கிளவுட்-இனிட் என்ற நிரல் உருவாக்கிய துணைக் கோப்பில் 'யெஸ்' என்று இருந்தது; எஸ்எஸ்எச் முதலில் படிக்கும் மதிப்பையே ஏற்கும் என்பதால், பின்னால் வந்த என் வரிக்கு மதிப்பே இருக்கவில்லை. இப்போதெல்லாம் கோப்பை நம்புவதில்லை. சர்வரில் எஸ்எஸ்எச் இணைப்புகளை ஏற்கும் 'எஸ்எஸ்எச்டி' நிரலைப் பெரிய எழுத்து 'T' விருப்பத்துடன் இயக்கி, உண்மையில் நடைமுறையில் உள்ள அமைப்பைப் பார்க்கிறேன். திறந்திருக்கும் இணைப்பை மூடாமல், இன்னொரு முனையத்திலிருந்து நுழைந்தும் பார்க்கிறேன்.

தனிச்சாவியைத் திறக்க மறைத்தொடர் ஒன்றும் வைத்திருக்கிறேன். திறந்த சாவியை ஏஜென்ட் என்ற துணை நிரல் நினைவில் வைத்துக்கொள்வதால், காலையில் ஒருமுறை தட்டச்சு செய்தால் போதும்.

எனக்குள்ள ஒரே குறை, இச்சாவிகள் தாமாகக் காலாவதி ஆவதில்லை என்பது. எப்போதோ விற்றுவிட்ட மடிக்கணினியின் வரி இரண்டு ஆண்டுகளாக அந்தக் கோப்பில் கிடந்ததைச் சென்ற ஆண்டுதான் கவனித்தேன். இப்போது ஒவ்வொரு வரியின் இறுதியிலும் கணினியின் பெயரையும் ஆண்டையும் எழுதி வைக்கிறேன். கணினி கைமாறும் நாளிலேயே அதன் வரியை அழித்துவிடுகிறேன்.