சித்தப்பா மேல் வழக்கா, சமரசமா?

தாத்தா தன் உயிலை நிறைவேற்றும் பொறுப்பைச் சித்தப்பாவிடம் கொடுத்திருந்தார். கும்பகோணம் பக்கம் ஒன்பது மா நஞ்சை, ஏறக்குறைய மூன்று ஏக்கர். யார் எந்த வயலை எடுத்தாலும் மதிப்புப் போட்டு மற்றவர்களுக்குப் பணம் தர வேண்டும் என்பது உயில். சித்தப்பா தார்ச்சாலை ஓரத்து மூன்று மாவைத் தானே எடுத்துக்கொண்டு, பத்திரப் பதிவுக்கு அரசு வைத்திருக்கும் வழிகாட்டி மதிப்பையே விலையாகப் போட்டார். ஊரில் ஓடும் விலையில் அது பாதிகூட இல்லை.

வழக்கை நடத்தினால் அலைச்சல், வாய்தா, வருஷக்கணக்கு. தெரிந்த கதைதான். நீதிமன்றக் கட்டணம் 2017-இல் 7.5 சதவீதத்திலிருந்து 3 சதவீதமாகக் குறைந்தது ஒரு ஆறுதல்.

அண்ணன் வழக்கு என்றார், நான் சமரசம் என்றேன். என்னை அந்தப் பக்கம் தள்ளியது ஒன்றே ஒன்று: அத்தாட்சி. விலை குறைவு என்று நீதிமன்றத்தில் காட்ட வேண்டியது நாங்கள். வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்து, அக்கம்பக்கத்துக் கிரயப் பத்திரங்களுக்கு நகல் வாங்கினோம். ஒன்றிலாவது உண்மை விலை இருக்க வேண்டுமே! முத்திரைச் செலவை மிச்சம் பிடிக்க எல்லோரும் வழிகாட்டி மதிப்புக்கே எழுதி, மீதியைக் கையில் வாங்கியிருந்தார்கள். 2017 ஜூனில் அரசு அந்த மதிப்பை 33 சதவீதம் குறைத்ததால், அதற்குப் பின் 2023 வரை எழுதியவை இன்னும் கீழே. எங்கள் அப்பா வாங்கிய வயலின் பத்திரமும் இதே லட்சணம்தான். அத்தனை தாளும் சித்தப்பாவுக்குச் சாட்சி.

கடைசியில் வழக்குப் போட்டு, அங்கிருந்தே சமரச மையத்துக்கு அனுப்பச் சொல்லிக் கேட்டோம். அங்கே பேசுவதை நாளைக்கு நீதிமன்றத்தில் யாரும் எடுத்துக்காட்ட முடியாது. அதனால் நிஜ விலையை வாய்விட்டுச் சொல்ல யாருக்கும் தயக்கமில்லை. சமரசர், "இதே விலைக்கு உங்க அண்ணன் பிள்ளைங்க கேட்டா கொடுத்திடுவீங்களா?" என்றார். சித்தப்பா துண்டை எடுத்து மடியில் வைத்து மடித்தார். "அது எப்படிங்க சார், ரோட்டு மேல இருக்கே." அப்புறம் பேச்சு எளிதாகிவிட்டது. உடன்பாட்டை நீதிமன்றம் தீர்ப்பாணையாக்கியது, கட்டிய கட்டணமும் திரும்பி வந்தது.

எதிராளி நிலத்தை வெளியாளுக்கு விற்கப் பார்க்கிறார் என்றால் முதலில் தடையாணைதான் வாங்க வேண்டும், சமரசமெல்லாம் அப்புறம். குத்தகைதாரர் இருக்கும் நிலத்துக்கு விலையே வேறு; எங்களுக்கு அந்தச் சிக்கல் இல்லாததால் அதில் நான் யோசனை சொல்ல முடியாது.

சித்தப்பா பாதிப் பணம் கொடுத்துவிட்டார். மீதி, சம்பா அறுவடை முடிந்ததும். தேதி போட்டு எழுதியிருக்கிறது.