போர்ஷே 911 ஜிடி3 செராமிக் பிரேக்: டிராக்குக்கு வாங்கலாமா?

992 தலைமுறை 911 ஜிடி3-ஐ ஆர்டர் செய்கிறவர்கள் எல்லோரும் ஒரு கட்டத்தில் வந்து தயங்கி நிற்பார்கள். பிசிசிபி என்ற போர்ஷேயின் கார்பன் செராமிக் பிரேக் அது. அமெரிக்க விலைப்பட்டியலில் அதற்கு மட்டும் 9,000 டாலருக்கு மேல். காரோடு வழக்கமாக வருவது முன்னால் 408, பின்னால் 380 மில்லிமீட்டர் வார்ப்பிரும்பு டிஸ்க். கூடுதல் காசு கொடுத்தால் 410, 390 மில்லிமீட்டர் செராமிக் டிஸ்க், பெரும்பாலும் டிஸ்க்கைக் கவ்வும் காலிப்பர் மஞ்சள் நிறத்தில். (கறுப்புக் காலிப்பரும் கேட்டு வாங்கலாம். பழைய கார் வாங்கும்போது நிறத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம்.)

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். பிரேக் என்ற முறையில் இதில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆண்டுக்கு இரண்டு மூன்று டிராக் டே (சொந்தக் காரைப் பந்தயத் தடத்தில் ஓட்டும் நாள்), மற்றபடி ரோடு என்றால் தாராளமாக வாங்கலாம். மாதாமாதம் டிராக்குக்குப் போகிறவர் இரும்பையே எடுப்பது நல்லது. வாங்கியே ஆக வேண்டும் என்று ஆசைப்பட்டால், டிராக் நாளுக்கென்று தனி இரும்பு டிஸ்க் செட் ஒன்றும் சேர்த்து வாங்க வேண்டியிருக்கும்.

இது ஃபார்முலா ஒன் காரில் இருக்கும் கார்பன்-கார்பன் டிஸ்க் அல்ல. அது நன்றாகச் சூடேறினால்தான் பிடிக்கும். பால் வாங்கக் கடைக்குப் போய் வர உதவாது. பிசிசிபி வேறு. நறுக்கிய கார்பன் இழையைப் பிசினோடு கலந்து அச்சில் அழுத்தி, 900 டிகிரி செல்சியஸ் அளவில் காற்றுப் படாமல் சுட்டு, அதன் பிறகு உருகிய சிலிக்கானை உறிஞ்ச வைத்துச் செய்கிறார்கள். சிலிக்கான் உருகவே 1,414 டிகிரி வேண்டும். அது கார்பனோடு சேர்ந்து சிலிக்கான் கார்பைடு ஆகிறது. சாணைக்கல்லில் இருக்கும் அதே பொருள். 2001-இல் 996 தலைமுறை 911 ஜிடி2-வில் போர்ஷே இதை முதலில் கொடுத்தது. குளிர்ந்த நிலையிலும் பிடிக்கும், துருப்பிடிக்காது, சக்கரத்தில் கறுப்புத் தூசி மிகக் குறைவு. எடை இரும்பு டிஸ்க்கில் ஏறக்குறைய பாதி. அந்த எடை ஸ்பிரிங்குக்குக் கீழே, அதுவும் சுழலும் பாகத்தில் குறைவதால், டிராக் ஓரத்துக் கரடுமுரடான கெர்ப் மேல் ஏறி இறங்கும்போதும் ஸ்டியரிங்கைத் திருப்பும்போதும் வித்தியாசம் கையில் தெரியும்.

சிக்கல் வெப்பத்தில் இருக்கிறது. ஓட்டுநரோடு 1,500 கிலோ வரும் கார் மணிக்கு 250 கிலோமீட்டரிலிருந்து 100-க்கு இறங்க ஏறத்தாழ 3 மெகாஜூல் ஆற்றலை இழக்க வேண்டும். காற்று கொஞ்சம் வாங்கிக்கொள்ளும், மிச்சமெல்லாம் பிரேக்கில் சூடாகும். ஒன்பது லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதி நிலைக்குக் கொண்டுபோகும் வெப்பம் அது, மூன்று நான்கு விநாடிக்குள். எடை குறைந்த டிஸ்க்கில் வெப்பத்தை வாங்கி வைத்துக்கொள்ளப் பொருள் குறைவு. செராமிக் வெப்பத்தை இரும்பு அளவுக்கு வேகமாக உள்ளே கடத்துவதுமில்லை. அதனால் மேற்பரப்பு சீக்கிரம் சூடேறும். டிஸ்க் அதைத் தாங்கும், வளையாது, பிடிப்பும் மங்காது. ஆனால் உள்ளே இருக்கும் கார்பன் 400, 500 டிகிரியைத் தாண்டினால் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து எரியத் தொடங்கும். டிராக்கில் செராமிக் டிஸ்க் 'தேய்வது' என்பது பெரும்பாலும் இதுதான். தடிமன் குறைவதில்லை, உள்ளுக்குள் எரிந்து எடை குறைகிறது. ரோட்டில் அந்த வெப்பமே வராது என்பதால், டிராக்கைத் தொடாத கார்களில் இந்த டிஸ்க் கிட்டத்தட்ட காரின் ஆயுளுக்கே வரும்.

எந்த டிராக் என்பதும் முக்கியம். மலேசியா, சிங்கப்பூர் ஓட்டுநர்கள் போகும் செப்பாங், 5.543 கிலோமீட்டர், பிரேக்கை வதைக்கும் இடம். இரண்டு நீண்ட நேர்பாதைகளை 15-ஆம் வளைவு என்ற ஒரே ஹேர்பின் (கொண்டை ஊசி வளைவு) இணைக்கிறது. பின் நேர்பாதை முடிவில் முழு பிரேக். அது ஆறுவதற்குள் முன் நேர்பாதை முடிந்து முதல் வளைவில் மறுபடியும் முழு பிரேக். கிரேட்டர் நொய்டாவின் புத் சர்க்யூட்டிலும் ஒரு கிலோமீட்டருக்கு மேல் நேர்பாதை இருக்கிறது. சென்னைக்குப் பக்கத்து இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் நேர்பாதை சிறிது, வேகம் குறைவு, பிரேக்குக்கு அந்த அளவு பாடு இல்லை. ஆனால் வெயிலில் எதுவும் சுலபத்தில் ஆறாது. செப்பாங்கில் இன்னொன்று, பிற்பகல் மழை. ஈரத்தில் செராமிக் டிஸ்க் முதல் நொடியில் சற்றுத் தாமதமாகப் பிடிக்கும். நேர்பாதையின் நடுவில் பெடலை லேசாகத் தொட்டு நீர்ப்படலத்தைத் துடைத்துக்கொண்டால் வளைவில் திடுக்கிட வேண்டாம். காரைக் கழுவி எடுத்த உடனேயும் இதே கதைதான்.

இனி பேட், அதாவது காலிப்பருக்குள் இருந்து டிஸ்க்கில் உராயும் கட்டை. செராமிக் டிஸ்க்கில் செராமிக்குக்கென்று செய்த பேட் மட்டுமே போட வேண்டும். சில கார்களில் இரும்புக்கான பேடும் அதே காலிப்பரில் கச்சிதமாக உட்காரும். உட்காருகிறது என்பதற்காகப் போட்டால் டிஸ்க்கின் மேற்பரப்பு போய்விடும். தொழிற்சாலை பேட் ஓரிரு டிராக் டேக்குப் போதும். தொடர்ந்து வேகமாக ஓட்டுகிறவர்களுக்குப் பஜிட் ஆர்எஸ்சி1 மாதிரியானது தேவை. அந்த ஆர்எஸ்சி வரிசையே செராமிக்குக்கானது. பெட்டியைத் திறக்குமுன் பெயரை இருமுறை படியுங்கள், அதே நிறுவனத்தின் ஆர்எஸ்எல் வரிசை இரும்புக்கு. புதுப் பேட் போட்டால் பதப்படுத்த வேண்டும்: மணிக்கு 100-லிருந்து 30 வரை, மிதமான அழுத்தத்தில், அரை நிமிட இடைவெளியில் பத்து முறை. பிறகு 160-லிருந்து 60 வரை, பலமாக ஐந்தாறு முறை. எங்கும் முழுதாக நிறுத்தக் கூடாது. கடைசியில் பத்து நிமிடம் பிரேக் தொடாமல் ஓட்டி ஆற விட வேண்டும். பேட் தயாரிப்பாளர் தாளில் வேறு மாதிரி இருந்தால் அதுவே சரி. இதைத் தாவினால் பேடின் படலம் டிஸ்க்கில் திட்டுத் திட்டாக ஒட்டும். ஸ்டியரிங் அதிரும், டிஸ்க் வளைந்துவிட்டது என்று ஒர்க்‌ஷாப்பில் சொல்வார்கள்.

டிராக்கில் பேடைப் பாதித் தடிமனிலேயே மாற்றிவிடுங்கள். பேட் பிரேக் பிடிக்க மட்டுமல்ல, டிஸ்க்கின் சூடு காலிப்பரின் பிஸ்டனுக்கும் பிரேக் ஃப்ளூயிடுக்கும் (பெடலின் அழுத்தத்தைக் காலிப்பருக்குக் கொண்டுபோகும் திரவம்) போகாமல் தடுப்பதும் அதுதான். பின் பேட் முன் பேடைவிட வேகமாகக் கரைந்தால், குற்றவாளி பெரும்பாலும் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல். கார் வழுக்கும்போது அது பல சமயம் பின் சக்கரத்தைத் தனியாகப் பிடிக்கிறது. ஓட்டுபவருக்குத் தெரிவதே இல்லை.

ஃப்ளூயிட் விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. டாட் 4 தரத்தின் குறைந்தபட்சக் கொதிநிலை புதிதாக 230 டிகிரி, ஈரம் ஏறிய பின் 155. மோட்டுல் ஆர்பிஎஃப் 660 புதிதில் 325, ஈரத்தில் 204. காஸ்ட்ரால் எஸ்ஆர்எஃப் புதிதில் 320, ஈரத்தில் 270. நம்மூர் காற்றில் ஈரம் அதிகம், ஆகவே பார்க்க வேண்டியது இரண்டாவது எண். 660 போட்டால் ஒவ்வொரு டிராக் டேக்கு முன்பும் புதிதாக மாற்றுவது நல்லது. எஸ்ஆர்எஃப் என்றால் ஆண்டுக்கு ஒரு முறை முழு மாற்றம், டிராக்குக்கு முன் காலிப்பரில் மட்டும் காற்று எடுத்தால் போதும், விலை கண்ணைக் கட்டினாலும். காலிப்பரின் வெளிப்பக்கம், உட்பக்கம் இரண்டு நிப்பிளிலும் எடுக்க வேண்டும். உட்பக்கத்தை மறப்பது வழக்கம். காலிப்பரில் வெப்பப் பட்டை ஒட்டிப் பாருங்கள். பட்டை 200 டிகிரியைக் காட்டினால், வருடம் தாண்டிய 660 கொதிக்கத் தயாராக இருக்கிறது என்று பொருள்.

பெடல் சொல்வதைப் பிரித்துக் கேட்கத் தெரிய வேண்டும். பெடல் மெத்து மெத்தென்று கீழே போனால் ஃப்ளூயிட் கொதித்துவிட்டது. இரண்டு முறை தட்டினால் மேலே வரும், ஆனாலும் அன்றைய ஓட்டம் அத்தோடு முடிந்தது. பெடல் கல் மாதிரி இருந்து கார் நிற்கவில்லை என்றால் பேட் தன் வெப்ப எல்லையைத் தாண்டிவிட்டது. ஒரு லேப் மெதுவாகப் போனால் திரும்பி வரும். முதலாவதற்கு நல்ல ஃப்ளூயிட், இரண்டாவதற்கு நல்ல பேட். டிஸ்க்கை மாற்றுவது எதற்கும் மருந்தல்ல.

ஓட்டும் முறையில் ஒன்றே ஒன்று: பலமாக, குறுகிய நேரம் பிடித்து விட்டுவிடுங்கள். பயந்து பயந்து நீளமாக இழுத்துப் பிடிப்பவர்தான் டிஸ்க்கை அதிகம் சூடாக்குகிறார். ஐந்தாறு வேகமான லேப், பிறகு ஒரு லேப் ஆறல். பிட்டுக்கு வரும் லேப்பில் பிரேக்கைத் தொடாமலே வரப் பாருங்கள். நிறுத்தியதும் பெடலில் கால் வைத்திருக்கக் கூடாது, பார்க்கிங் பிரேக்கும் போடக் கூடாது. கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். கொதிக்கிற டிஸ்க்கைப் பேட் ஒரே இடத்தில் கவ்விக்கொண்டு நின்றால் அந்த இடத்தில் மட்டும் படலம் ஒட்டிவிடும்.

மணல் குழியில் இறங்கினால் சும்மா வெளியே வந்து ஓட்டிப் போகாதீர்கள். டிஸ்க்குக்கும் அதன் பின்னால் இருக்கும் தகட்டுக்கும் இடையில் ஒரு கூழாங்கல் இருந்தால் போதும், செராமிக் ஓரம் பெயர்ந்துவிடும். தண்ணீர் அடித்து, சக்கரத்தைக் கையால் சுற்றிச் சத்தம் கேளுங்கள். இதைவிடப் பெரிய எதிரி டயர் கடை. ஜிடி3-இன் சென்டர் லாக் (நடுவில் ஒரே நட்டால் பூட்டும்) சக்கரத்தைக் கழற்றும்போது உள் விளிம்பு டிஸ்க் ஓரத்தில் ஒரு தட்டு தட்டினால் துண்டு உடையும். இரும்பில் அது கீறல், செராமிக்கில் அது ஆயிரக்கணக்கான டாலர். இரண்டு பேர் பிடிக்கட்டும், டிஸ்க்கைச் சுற்றித் துணி கட்டட்டும். நட்டை 600 நியூட்டன் மீட்டரில் டார்க் ரென்ச் வைத்துத்தான் இறுக்க வேண்டும். இம்பாக்ட் கன்னோடு வந்தால் வேறு கடை பாருங்கள்.

தேய்மானம் பார்க்க வெர்னியர் உதவாது என்பதை முன்பே பார்த்தோம், தடிமன் மாறுவதில்லை. "சார், புதுசு மாதிரி இருக்கு" என்ற சான்றிதழுக்கும் மதிப்பில்லை. இரண்டு வழிகள் உண்டு. பழைய முறை, டிஸ்க்கைக் கழற்றிச் சுத்தம் செய்து எடை போட்டு, மையப் பகுதியில் பொறித்திருக்கும் குறைந்தபட்ச எடையோடு ஒப்பிடுவது. செவ்ரலே கார்வெட் போன்ற கார்களிலும் இதுவே கணக்கு. அடுத்தது கார்போடெக் என்ற மின்காந்தக் கருவி. டிஸ்க்கைக் கழற்றாமலே எவ்வளவு கார்பன் போயிருக்கிறது என்று காட்டும், போர்ஷே டீலர்களிடம் இருக்கும். கண்ணால் பார்ப்பதானால் வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடியுங்கள். மேற்பரப்பு மொழுமொழுவென்று இருந்தால் நலம். இழை எரிந்து குழி குழியாக, உப்புத்தாள் போலச் சொரசொரத்தால் அது இனி பேடைத் தின்னத் தொடங்கும்.

ஒவ்வொரு டிராக் டே முடிந்ததும் எல்லா பிரேக் பாகங்களையும் வல்லுநரிடம் காட்டிச் சோதிக்கச் சொல்கிறது போர்ஷேயின் சொந்தக் கையேடு. அது தயாரிப்பாளர் தன்னைக் காத்துக்கொள்ளும் வாசகம்தான், ஆனாலும் உண்மை. தன் 992 ஜிடி3 கப் பந்தயக் காருக்கு அதே நிறுவனம் 380 மில்லிமீட்டர் இரும்பு டிஸ்க்கைப் போட்டு அனுப்புவதையும் சேர்த்துப் படியுங்கள்.

செராமிக் காரையே வைத்துக்கொண்டு அடிக்கடி டிராக் போக நினைப்பவருக்கு வழி இருக்கிறது. கிரோடிஸ்க் போன்றவர்கள் செராமிக் காலிப்பருக்கே பொருந்தும் அதே அளவு இரும்பு டிஸ்க் செய்கிறார்கள். நான்கையும் சேர்த்தே மாற்றுங்கள். முன்னால் மட்டும் இரும்பு போட்டால் பிடிப்பின் சமநிலை கலையும். பேடும் இரும்புக்கானதாக மாற வேண்டும். கழற்றிய செராமிக்கை இடது வலது எழுதி, பேடோடு சேர்த்துக் கட்டி வையுங்கள். இரும்புக்கும் ஒரு குறை உண்டு: போர்ஷேயின் துளையிட்ட இரும்பு டிஸ்க்கில் துளையைச் சுற்றி மயிரிழை விரிசல் வரும். அது விளிம்பை எட்டினால் தூக்கி எறிய வேண்டியதுதான். ஆனால் ஒரே ஒரு முன் செராமிக் டிஸ்க் 5,000 டாலரைத் தாண்டும். அந்தக் காசில் இரும்பு ஜோடிகள் சில வாங்கலாம்.

டிராக்குக்குப் போகாமல் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வீடு வைத்திருப்பவருக்கு இந்தக் கணக்கெல்லாம் தலைகீழ். உப்புக் காற்றில் ஒரு வாரம் நின்றால் இரும்பு டிஸ்க் சிவந்துவிடும், செராமிக் அப்படியே இருக்கும். பழைய ஜிடி3 வாங்குகிறவர் மட்டும் ஒன்றைக் கேட்காமல் முன்பணம் கொடுக்கக் கூடாது: நான்கு டிஸ்க்குக்கும் தனித்தனியாக எடுத்த கார்போடெக் அளவு, சமீபத்திய தேதியோடு. தர மறுத்தால், புது செட்டின் விலையைக் கழித்துக்கொண்டு பேரம் பேசுங்கள்.