பழைய போர்ஷே 944 வைத்திருப்பவர்களே, பெல்ட் கிட் வாங்கும்முன் இதைப் படியுங்கள்

340 பவுண்ட் போச்சு. கையில் இன்னும் கூலன்ட் பிசுபிசுப்பு போகவில்லை, அந்தச் சூட்டிலேயே எழுதுகிறேன்.

என் வண்டி 1986 மாடல். இந்த எஞ்சினில் வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூட வைக்கும் டைமிங் பெல்ட் அறுந்தால் வண்டி நிற்பதோடு போகாது. பிஸ்டன் வால்வில் இடித்து வளைத்துவிடும். வாட்டர் பம்பும் அதே பெல்ட்டில்தான் சுற்றுகிறது. அதனால் அதிர்வைக் குறைக்கும் பேலன்ஸ் ஷாஃப்ட்டின் பெல்ட், பெல்ட் ஓடும் ரோலர்கள், பம்ப் எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றுவதுதான் புத்திசாலித்தனம். லண்டன் கராஜ் கூலி கட்டுப்படியாகாது, நானேதான் செய்வேன்.

பழைய கார் பாகங்கள் விற்கும் ஒரு ஆன்லைன் சந்தையில் முழு கிட் இருந்தது. சந்தேகம் கேட்டு எழுதினேன், விற்பவரே போன் செய்தார். அவரிடமும் ஒரு 944 உண்டாம். பேலன்ஸ் ஷாஃப்ட்டின் குறிகளை நேராகப் பொருத்துவதைப் பற்றியே அரை மணி நேரம் பேசினார். அங்கேதான் விழுந்தேன். இவ்வளவு தெரிந்த மனுஷன் ஏமாற்றுவாரா? "நேராக பேங்க்கில் போடுங்கள், 20 குறைத்துக்கொள்கிறேன்" என்றார். 360 என்றது 340 ஆனது. போட்டேன்.

எண்பது மைல்கூட ஓடவில்லை, முன்பக்கம் கரகர சத்தம். கவரைக் கழற்றினால் பெல்ட் ஓரம் நூல் நூலாகப் பிரிந்திருக்கிறது, பம்ப் கசிகிறது. ரோலரை விரலால் சுற்றினேன். சைக்கிள் பெடல் மாதிரி கடகடவென்று ஓடிக்கொண்டே இருக்கிறது, உள்ளே கிரீஸே இல்லை. நான் கழற்றிப்போட்ட பழைய ரோலர் இன்னும் கனமாக, சத்தமில்லாமல் சுற்றுகிறது. அதில் பேரிங் கம்பெனி பெயர் பொறித்திருக்கிறது. புதியதில் ஒன்றுமில்லை, பெயரெல்லாம் பெட்டியோடு சரி.

"கராஜ் பில் இருக்கிறதா?" என்றார் விற்றவர். இல்லை. "அப்போ நீங்கள்தான் அதிகமாக இறுக்கியிருப்பீர்கள்." பெல்ட் இறுக்கத்தை அளக்கும் டென்ஷன் கேஜ் வைத்து எடுத்த போட்டோவை அனுப்பினேன். பார்த்தார், பதில் இல்லை. சந்தைக்காரர்களோ, பணம் எங்கள் வழியாக வரவில்லையே என்கிறார்கள். பேங்க்கில், பொருள்தான் வந்துவிட்டதே, இது உங்கள் இருவருக்குள் உள்ள தகராறு என்கிறார்கள். 340 பவுண்ட்!

எப்படிப் பார்த்து வாங்குவது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. சந்தைக்கு வெளியே பணம் போடாதீர்கள். கடைக்கு நேரடியாக கிரெடிட் கார்டில் கட்டினால், 100 பவுண்டுக்கு மேற்பட்ட பொருளுக்கு இங்கே கார்டு கம்பெனியும் பொறுப்பு. ரோலரைப் பூட்டும்முன் சுற்றிப் பாருங்கள். அப்புறம், பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள், சாட்சிக்கு வேண்டும். என்னுடையது போன செவ்வாய்க்கிழமை குப்பை வண்டியில் போய்விட்டது.