ஜிப்சம் போர்டு பிளேடு: நீண்ட நாள் உபயோகத்தில் தெரிந்தவை

ஜிப்சம் போர்டை (இரண்டு தாளுக்கு நடுவே ஜிப்சம் வைத்த பலகை) வெட்டுகிறோம் என்று பேச்சுக்குச் சொன்னாலும் பிளேடுக்கு உள்ள வேலை மேல்தாளைக் கிழிப்பதுதான். தாளோடு சேர்த்து ஒன்றிரண்டு மி.மீ. ஆழம் கீறினால் போதும், மடக்கினால் மீதி தானாக உடையும். 12.5 மி.மீ. தடிமன் போர்டை முழு ஆழமும் கத்தியால் அறுக்கப் பார்ப்பவர்கள்தான் 25 மி.மீ. அகல பிளேடு தேடி அலைகிறார்கள். இந்த வேலைக்கு அது வீண் கனம்.

9 மி.மீ. கட்டரை இதற்கு எடுக்கவே வேண்டாம். மெல்லிய பிளேடு வளைந்து, கோடு ஸ்கேலை விட்டு விலகிப் போகும். 18 மி.மீ. உடைப்பு பிளேடு (மழுங்கிய முனையைக் கோடு கோடாகப் பிரித்த கட்டங்களில் உடைத்து எறியும் வகை) அரை மி.மீ. தடிமன், இரண்டு கட்டத்துக்கு மேல் வெளியே நீட்டாமல் இருந்தால் நேராக ஓடும். எங்கள் ஓட்டு இதற்குத்தான். இருபுறமும் முனையுள்ள சரிவக வடிவ பிளேடு இன்னும் விறைப்பாக நிற்கும், கோடும் சுத்தமாக விழும். ஆனால் ஒரு பிளேடுக்கு இரண்டே முனை, மாற்றி மாட்டுவதிலேயே நேரம் போகும். நாள் முழுக்கப் போர்டு வெட்டும் இடத்தில் அது எரிச்சல்.

ஜிப்சத்தை நகத்தால் சுரண்டலாம், அவ்வளவு மென்மை. அப்படியிருந்தும் பிளேடு முனை சீக்கிரம் மழுங்கிவிடும். தீத்தடுப்பு போர்டில் கண்ணாடி இழை கலந்திருப்பதால் அதில் இன்னும் சீக்கிரம். மழுங்கியதைக் கண்டுபிடிக்க விரல் வைக்க வேண்டாம், தாளைப் பாருங்கள். கீறலின் இரு கரையிலும் பஞ்சு பஞ்சாக நார் எழும்பினால் முனை போய்விட்டது. அதோடு தொடர்ந்தால் கை தானாக அழுத்தத்தைக் கூட்டும், பிளேடு ஸ்கேல் மேல் ஏறும், அடுத்தது விரல். கட்டத்தை உடைக்கச் சுணங்குவதுதான் பெரும்பாலான கைக்காயத்துக்குக் காரணம் என்பது எங்கள் கணிப்பு. குறடால் பிடித்து, கோடு போட்ட பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக மடக்கினால் கட்டம் உடையும். உடைந்த துண்டுக்கு மூடியுள்ள டப்பா ஒன்று பக்கத்திலேயே இருக்கட்டும்.

கருப்பு பிளேடு கூர்மை அதிகம், கொஞ்சம் நொறுங்கும் குணமும் உண்டு. பக்கவாட்டில் திருகினால் முனை தெறிக்கும். போர்டுக்கு நல்லது, ஸ்க்ரூ தலையில் இடித்தால் அவ்வளவுதான்.

அதிகம் கெடுவது கோட்டின் கடைசி அங்குலத்தில். பிளேடை விளிம்புக்கு 2 செ.மீ. முன்பே தூக்கிவிட்டால், மடக்கும்போது அந்தத் துண்டுத் தாள் கிழியாமல் இழுபட்டு, மூலையோடு ஜிப்சத்தையும் பிய்த்துக்கொண்டு வரும். விளிம்பைத் தாண்டி ஓடவிட்டுத்தான் எடுக்க வேண்டும். நீள விளிம்புகள் சரிவாக இருப்பதால் ஸ்கேல் அங்கே தூக்கி நிற்கும், பிளேடு அடியில் புகுந்துவிடும். அந்த இடத்தில் வேகத்தைக் குறையுங்கள். கோடு எப்போதும் முகப்புப் பக்கத்தில். மடக்கிய பிறகு பின்தாளை மடிப்பின் வழியே வெட்டினால் முடிந்தது. 5 செ.மீ.க்கும் குறைந்த பட்டை கையில் மடங்காது. இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் கீறி, பிறகு உடையுங்கள்.

பிளேடை நகராமல் பிடிக்கும் லாக் விஷயத்தில் தானியங்கி லாக்கைவிட திருகு லாக் மேல். தானியங்கியின் பற்களில் தூள் அடைத்துப் பிடிமானம் நழுவும். தூளை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள், எண்ணெய் விடாதீர்கள். தூளோடு சேர்ந்து பசையாகிவிடும். புது பிளேடில் ஒட்டியிருக்கும் எண்ணெயையும் துணியில் துடைத்துவிட்டே போர்டில் வையுங்கள். தாளில் பட்ட கறை பெயின்ட் வரை தெரியும்.

சுவிட்ச் பெட்டித் துளைக்குக் கத்தி வேண்டாம், கூர்முனை கைரம்பம் போதும். கோட்டைவிட மிகச் சிறிதாக அறுத்து, ராவி சரிசெய்யலாம். மெஷின் ரம்பம் கிளப்பும் தூள் அறை முழுக்கப் படியும், முகமூடி இல்லாமல் அதை எடுக்கவே கூடாது.